சித்திரை வெயிலும் ஒரு மேசன் லாட்ஜும்: எதைச் செய்தால் உருப்படியாக இருக்கும்?

#1 கூவக்கரைக்காரன்

வணக்கம். எழும்பூரில் கூடும் ஒரு ஃப்ரீமேசன் லாட்ஜில் நான் உறுப்பினன். (ஃப்ரீமேசன் என்பது ஒரு பழைய சகோதரத்துவ அமைப்பு; உறுப்பினர்களை மேசன்கள் என்பார்கள். லாட்ஜ் என்பது அதன் கிளை, தங்கும் விடுதி இல்லை.) லாட்ஜின் பெயரும் எண்ணும் இங்கே வேண்டாம். லாட்ஜின் தலைவரான புதிய மாஸ்டர் பொறுப்பேற்ற கையோடு, இந்த ஆண்டின் சேவைத் திட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார்.

இங்கிலாந்து லாட்ஜ்களிலிருந்து வரும் சுற்றறிக்கைகளில் மார்ச் பிறந்தாலே வசந்தம், துளிர், புத்துயிர் என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். குளிரில் முடங்கிக் கிடந்தவர்களுக்கு அது பொருந்தும். நம் ஊர் வசந்தமோ, புங்கமரம் துளிர்த்து அந்தத் துளிர் கரும்பச்சை ஆவதற்குள் முடிந்துபோகிறது. பிறகு வெயில்தான். நடவடிக்கைப் புத்தகத்தில் ‘வசந்தகாலச் சேவை’ என்று எழுதிக்கொண்டாலும் நாங்கள் செய்யப்போவது கோடைச் சேவை.

கமிட்டி முன் மூன்று யோசனைகள் இருக்கின்றன. மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவன்று தண்ணீர்ப் பந்தல் வைப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்ததான முகாம் நடத்துவது. கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்ட பழைய உறுப்பினர்களைத் தேடிப் போய்ப் பார்த்து மறுபடி அழைத்துவருவது. மூன்றையும் ஒழுங்காகச் செய்யக் காசும் இல்லை, ஆளும் இல்லை. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாமா கூடாதா என்று தனியாக ஒரு சண்டை வேறு. வெளியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

#2 மாடவீதி

அறுபத்துமூவர் அன்று தண்ணீர்ப் பந்தலா? அன்றைக்கு எங்கள் தெருவில் தாகத்தோடு ஒருவர் வீடு திரும்புவதே கடினம். நீர்மோர், பானகம், ரோஸ்மில்க், புளியோதரை, சர்க்கரைப் பொங்கல் என்று பத்தடிக்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். மாலையில் பாதி தின்ற தொன்னைகளும் பிளாஸ்டிக் தம்ளர்களும் கணுக்கால் அளவுக்குக் கிடக்கின்றன. மறுநாள் காலையில் அதை அள்ளும் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒருவரும் பந்தல் போடுவதில்லை.

தண்ணீர் தேவைப்படுவது மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு. அதற்குள் ஏப்ரலில் திறந்த பந்தல்கள் எல்லாம் காய்ந்துபோயிருக்கும். ரிப்பன் வெட்டி, தர்ப்பூசணி கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கட்சிக் கொடியும் கவிழ்த்த பானையும்தான் மிச்சம். தலைவர் படம் மட்டும் வாடாமல் இருக்கும்.

நீங்கள் வைப்பதானால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: வாரநாளில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பானையை நிரப்பப்போவது யார்?

#3 எதிர்வாதி

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே காவலுக்கு ஆள் நிறுத்தி, கைகுலுக்குவதில்கூட இரகசியம் வைத்திருக்கும் ஒரு கூட்டம் எதற்காகத் தெருவில் தண்ணீர் கொடுக்க வேண்டும்? வெள்ளைக்கார அதிகாரிகள் தங்களுக்குள் பதவி உயர்வு பேசிக்கொள்ள வைத்திருந்த மன்றம் அது. இன்றைக்கு அந்த நாற்காலிகளில் தொழிலதிபர்களும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். சேவை என்பது மேலே போர்த்திய சால்வை.

சாத்தான் வழிபாடு என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் நம்பவில்லை. என் ஐயம் அதைவிடச் சாதாரணமானது. வசதியானவர்கள் வசதியானவர்களுக்கு உதவிக்கொள்ளும் ஏற்பாடு இது.

#4 பழைய மெட்ராஸ்

எதிர்வாதி சொல்வதில் பாதி வரலாறு இருக்கிறது. மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் முதல் லாட்ஜ் 1752-இல் தொடங்கியது. வெள்ளைக்காரர்களுக்கானதுதான், மறுப்பில்லை. ஆனால் 1775-இல் ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமராவைத் திருச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். லாட்ஜ்களின் தலைமை அமைப்பான இலண்டன் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு வாழ்த்து மடலும், மேசன்கள் இடுப்பில் கட்டும் ஏப்ரனும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் பதில் எழுதினார். அன்பினால் மட்டும் சேர்த்தார்கள் என்று நினைக்க நான் அவ்வளவு வெகுளி இல்லை. நவாபுக்குக் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஆங்கிலேயர்கள் அந்தக் காலத்தில் ஏராளம்.

சாதாரண இந்தியருக்குக் கதவு அத்தனை சுலபமாகத் திறக்கவில்லை. பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சி கனவானுக்கு இடம் மறுக்கப்பட்டு, அவர் பாரிஸுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது. வங்காளத்தில் இந்துக்களைச் சேர்க்கலாமா என்று ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1872-இல்தான் பிரசன்ன குமார் தத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்துக்களுக்குப் பல தெய்வங்கள் ஆயிற்றே, ஒரே பரம்பொருளை நம்புகிறவர் என்று எப்படி ஏற்பது என்பது அவர்கள் எழுப்பிய தடைகளில் ஒன்று. பன்னிரண்டே ஆண்டு கழித்து, 1884-இல், அதே கல்கத்தாவில் நரேந்திரநாத் என்ற இளைஞர் ஒரு லாட்ஜில் சேர்ந்தார். பிற்பாடு அவர் விவேகானந்தர்.

நம் ஊருக்கு வருவோம். கடற்கரைச் சாலையில் டி.ஜி.பி. அலுவலகம் இருக்கிறதே, அந்த வெள்ளைத் தூண் கட்டடம் 1839-இல் மேசன்களின் ‘கோயிலாக’, அதாவது அவர்கள் கூடும் மண்டபமாகக் கட்டப்பட்டது. ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ என்ற லாட்ஜுக்குச் சொந்தம். அந்த லாட்ஜ் 1786-இல் தொடங்கியது. 1865-இல் போலீஸ் மாதம் 90 ரூபாய் வாடகைக்குப் பிடித்தது. 1874-இல் 20,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிவிட்டது. 1990-களில் இடிக்கவிருந்ததை மரபுக் கட்டட ஆர்வலர்கள் நீதிமன்றம் போய்த் தடுத்தார்கள். எத்திராஜ் சாலையில் கூவத்தை ஒட்டி இன்று இருக்கும் ஃப்ரீமேசன் ஹால் 1920-களில் எழுந்தது. 1961 நவம்பர் 24 அன்று இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் டெல்லியில் உருவானது. ராம்பூர் நவாப் முதல் கிராண்ட் மாஸ்டர். ஆகவே ‘வெள்ளைக்கார மன்றம்’ என்பதை இறந்தகாலத்தில் சொல்லலாம்.

#5 எதிர்வாதி

இறந்தகாலமாகவே இருக்கட்டும். கடன்காரர்கள் விஷயத்தை நீங்களே சொல்லிவிட்டதால் எனக்கு வேலை மிச்சம்.

#6 பரிசோதனைக்கூடம்

நான் ஓர் இரத்த வங்கியில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முகாம் என்று படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சென்னையில் தன்னார்வக் கொடையாளர்களில் பெரும் பங்கு கல்லூரி மாணவர்கள். ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடுமுறை. கல்லூரி மூடியதும் எங்கள் குளிர்பெட்டியின் தட்டுகள் வெறிச்சோடத் தொடங்கிவிடும். அறுவை சிகிச்சைகளோ பிரசவங்களோ விபத்துகளோ விடுமுறை எடுப்பதில்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் ஏற்ற வேண்டும். எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை உங்கள் ஹாலிலிருந்து அதிக தூரமில்லை.

ஆனால் ஒரே நாளில் பெரிய முகாம் போட்டு, பெயர்ப்பலகை வைத்து, அள்ளிக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு ஆயுள் 5 நாள் மட்டுமே. டெங்கு நோயாளி அடுத்த மாதம் வந்தால் இந்த மாத முகாமில் எடுத்த தட்டணு அவருக்கு உதவாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பதினைந்து இருபது பேர் வந்தால், அதுதான் எங்களுக்கு வரம். படம் எடுக்க அவ்வளவு எடுப்பாக இருக்காது.

தகுதி: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டை நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விடுவோம். சொட்டு மளமளவென்று அடியில் இறங்கினால் கொடுக்கலாம். நடுவில் தயங்கி நின்றாலோ மேலே எழும்பினாலோ கீரை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவோம். முறுக்கு மீசையோடு வந்தவர் அந்தச் சொட்டு மிதப்பதைப் பார்த்து முகம் வாடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோடையில் முகாமைக் காலை ஏழரைக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு யாரையும் படுக்க விடாதீர்கள்.

#7 சாந்தோம்வாசி

ஒரு தகவல். கத்தோலிக்கர்கள் மேசன்களாகச் சேர எங்கள் திருச்சபை அனுமதிப்பதில்லை. 1738-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் விதித்த தடை அது. 1983-இலும் மறுபடி உறுதி செய்தார்கள். ஆகவே என்னை உறுப்பினனாக்க முயல வேண்டாம். இரத்தம் கொடுக்கத் தடை ஏதும் இல்லை. ஓ நெகட்டிவ். தேதியைச் சொல்லுங்கள், வருகிறேன்.

#8 வெள்ளை ஏப்ரன்

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் வேறொரு லாட்ஜைச் சேர்ந்தவன்.

எதிர்வாதி ஐயா, வெளியே நிற்கும் காவலருக்கு டைலர் என்று பெயர். உள்ளே நடப்பதில் பெரும்பாலானவை எந்த நூலகத்திலும் கிடைக்கும். இருந்தும் நான் அதை இங்கே எழுத மாட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறானா என்று பார்க்கத்தானே ஒருவனிடம் வாக்கு வாங்குகிறோம்? பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப் எல்லாம் எங்கள் பீடத்தில் விரித்தபடி இருக்கும். உள்ளே மதமும் அரசியலும் பேசக் கூடாது. இந்த நகரத்தில் அவை இரண்டும் இல்லாமல் இரண்டு மணி நேரம் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் இடம் வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பத்திரிகை வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கூட்டத்தில் தர்மப் பை சுற்றி வரும். கையை மூடிக்கொண்டு உள்ளே விட்டு, மூடிக்கொண்டே எடுப்போம். யார் ஐந்நூறு போட்டார், யார் ஐந்து போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அப்படிப் பழகியவர்கள் கேமரா முன்னால் பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தால் எனக்கு என்னவோ போல இருக்கிறது.

மூன்றாவது யோசனையை எல்லோரும் கண்டுகொள்ளாமல் போகிறீர்கள். எனக்கு அதுதான் முதல். லாட்ஜில் ஆல்மனர் என்று ஒரு பொறுப்பு உண்டு. நோயில் விழுந்தவர், தொழில் நொடித்தவர், இறந்த சகோதரரின் (உறுப்பினர்களை அப்படித்தான் சொல்வோம்) குடும்பம் ஆகியோரை விசாரிப்பது அவர் கடமை. அந்தப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு சகோதரரின் மனைவியைப் பார்க்கப் பழக்கூடையோடு போனேன். அந்த அம்மாள் பழத்தை வாங்கி வைத்துவிட்டு, ஒரு மஞ்சள் துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். மின் இணைப்பு இன்னும் கணவர் பெயரில். குடும்ப ஓய்வூதியத்துக்கான விண்ணப்பம் பாதி நிரப்பியபடி. வாரிசுச் சான்றிதழில் மகன் பெயரின் முதலெழுத்து தப்பு. வங்கியில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிய கடிதம். அவர் கேட்டது பணம் இல்லை. தாலுகா அலுவலகத்துக்கு உடன்வர ஓர் ஆள். அந்தப் பை காலியாகப் பல மாதம் ஆயிற்று. அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

வராமல் நின்றுபோன உறுப்பினர்களிலும் பாதிப் பேருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. முழங்கால் வலி. இரவில் வண்டி ஓட்டக் கண் தெரியவில்லை. சந்தா பாக்கி சேர்ந்துவிட்ட கூச்சம். இதை யாரும் போய்க் கேட்பதில்லை.

#9 எதிர்வாதி

பெரியவர் எழுதியதை மதிக்கிறேன். உண்மையாகவே. ஆனாலும் கேட்டுவிடுகிறேன். கூட்டம் முடிந்ததும் உங்களுக்கு விருந்து உண்டே? கோட்டு, டை, வரிசையாக வாழ்த்துரைகள். ஓராண்டு விருந்துச் செலவை ஒரு பக்கமும் தர்மப் பையில் சேர்ந்ததை மறு பக்கமும் எழுதினால் எது பெரியது?

#10 கூவக்கரைக்காரன்

நேராகப் பதில் சொல்கிறேன்: எங்கள் லாட்ஜில் விருந்துதான் பெரியது. கமிட்டியிலும் இதைச் சொன்னேன். அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. விருந்தை நிறுத்தினால் வருகிறவர்களும் நின்றுவிடுவார்கள் என்று பொருளாளர் சொன்னார். அதிலும் உண்மை இருக்கிறது. பேசிச் சிரித்துச் சாப்பிட ஆள் இருப்பதால்தான் சிலர் தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருகிறார்கள். சகோதரத்துவம் என்று நாங்கள் சொல்வதில் பாதி அந்த மேசையில்தான் நடக்கிறது.

#11 வெள்ளை ஏப்ரன்

மேசை இருக்கட்டும், பட்டியலைக் குறையுங்கள். நான் சேர்ந்த புதிதில் இட்லி, வடை, கெட்டிச் சட்னி, காபி. அதில் யாருடைய சகோதரத்துவமும் குறைந்துபோகவில்லை. சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மட்டும் சிற்றுண்டி என்று தீர்மானம் போடுங்கள். மிச்சமாகும் காசு பந்தலுக்கும் முகாமுக்கும் தாராளமாகப் போதும்.

#12 இருசக்கரம்

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தண்ணீர்ப் பந்தல் என்றதும் எல்லோரும் கோயில், பேருந்து நிலையம் என்று யோசிக்கிறீர்கள். நாங்கள் நிற்கும் இடம் வேறு. மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று வரை பெரிய ஓட்டல்களின் பின்வாசல், ஆர்டருக்கு மட்டும் சமைக்கும் கிளவுட் கிச்சன்கள் இருக்கும் சந்துகள். வெயில் நேராகத் தலையில் இறங்கும். ஓட்டல் வாசலில் உட்கார்ந்தால் காவலாளி எழுப்பிவிடுவார். மாநகராட்சி அண்ணா நகரில் எங்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது; நல்ல விஷயம். ஆனால் ஆர்டர் எழும்பூரில் காத்திருக்கும்போது அண்ணா நகருக்கா போக முடியும்?

எத்திராஜ் சாலை ஹாலைத் தாண்டி அடிக்கடி போகிறேன். உள்ளே பெரிய மரங்களின் நிழல் இருக்கிறது, கேட் எப்போதும் சாத்தியிருக்கிறது. அந்தக் கேட்டுக்கு வெளியே நடைபாதையில், கூரையோடு ஒரு பெஞ்சும் ஒரு பானையும் வைத்தாலே போதும். நீர்மோர், ரோஸ்மில்க் எதுவும் வேண்டாம். இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கழிப்பறை. அது கிடைக்காது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பையன்கள் இருக்கிறார்கள். எங்களோடு வேலை செய்யும் பெண்களின் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

#13 பரிசோதனைக்கூடம்

இருசக்கரம் சொன்ன கடைசி விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் வேலை செய்துகொண்டு தண்ணீரையும் குறைத்தால் சிறுநீரகக் கல்லும் சிறுநீர்ப் பாதைத் தொற்றும் வரும். மே மாதம் எங்கள் கூடத்துக்கு வரும் சிறுநீர் மாதிரிகளே சாட்சி.

#14 மாடவீதி

எனக்கும் ஒரு கேள்வி உண்டு, இவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்தேன். இந்தச் சகோதரத்துவத்தில் சகோதரிகளுக்கு இடம் உண்டா?

#15 பழைய மெட்ராஸ்

இந்திய கிராண்ட் லாட்ஜில் ஆண்கள் மட்டும்தான். ஆனால் ஆண்களும் பெண்களும் சேர்ந்து இயங்கும் கோ-மேசனரி என்ற தனி மரபு இருக்கிறது. அதை 1902-இல் இலண்டனில் வேரூன்றச் செய்தவர் அன்னி பெசன்ட். பிறகு அவர் வாழ்ந்ததும் மறைந்ததும் நம் அடையாற்றில். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை.

#16 மாடவீதி

அது சரி. பானை நிரப்ப மட்டும் பெண்கள் வரலாம் என்று சொல்லாத வரைக்கும் சரி.

#17 கூவக்கரைக்காரன்

நேற்றுக் கமிட்டி கூடியது. இந்த இழையை அச்செடுத்துக்கொண்டு போயிருந்தேன். எதிர்வாதியின் வரிகளை மாஸ்டர் சத்தமாகவே படித்தார். முடிவானவை:

அறுபத்துமூவர் பந்தல் இல்லை. சித்திரை முதல் நாளிலிருந்து அக்னி நட்சத்திரம் முடியும் வரை ஹாலுக்கு அருகிலேயே ஒரு பந்தல், ஞாயிறு உட்பட எல்லா நாளும். தண்ணீர் நிரப்ப ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறோம். ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு பிற்பகலில் வந்து மேற்பார்ப்பார்கள். நடைபாதை மாநகராட்சிக்குச் சொந்தம் என்பதால் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். ஹால் எங்கள் ஒரு லாட்ஜுக்கு மட்டும் உரியது இல்லை. பல லாட்ஜ்கள் பகிர்ந்துகொள்ளும் கட்டடம். கழிப்பறையைத் திறந்துவிடும் முடிவை நாங்கள் தனியாக எடுக்க முடியாது. கட்டட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். இழுபறியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

இரத்ததானம்: ஒரே பெரிய முகாமுக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒரு சிறு முகாம். எங்கள் உறுப்பினர்களில் கணிசமானோர் 65-ஐத் தாண்டியவர்கள். ஆகவே அவர்கள் பிள்ளைகள், அலுவலக ஊழியர்கள், சாந்தோம்வாசி போன்றவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரவழைப்பது பெரியவர்கள் வேலை.

இரண்டு மாதம் இட்லி, வடை. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

பத்திரிகை வேண்டாம். பலகையில் லாட்ஜின் பெயரும் வேண்டாம், ‘குடிநீர்’ என்று மட்டும் எழுதலாம் என்று தீர்மானம்.

பழைய உறுப்பினர்கள் பட்டியலை ஆல்மனரும் நானும் பிரித்துக்கொண்டோம். முதலில் போன வீட்டிலேயே, இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று வாங்கிக்கட்டிக்கொண்டோம். பிறகு காபி கிடைத்தது. சந்தா பாக்கியைப் பற்றி நாங்களும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவரை வண்டியில் அழைத்துவரப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இளைய சகோதரர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

#18 எதிர்வாதி

மே மாதம், ஏதாவதொரு செவ்வாய்க்கிழமை, இரண்டு மணிக்கு வந்து பார்ப்பேன். எந்தச் செவ்வாய் என்று சொல்ல மாட்டேன். பானை காலியாக இருந்தால் இங்கேயே படத்தோடு எழுதுவேன். நிறைந்திருந்தாலும் எழுதுவேன்.

#19 இருசக்கரம்

இவர் ஒரு நாள் வந்து பார்ப்பார். நான் தினமும் வருவேன். என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

#20 மாடவீதி

பானை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். குழாய் வைத்த பானையாகப் பாருங்கள். மொண்டு குடிக்கும் பானையில் பத்துப் பேர் கைபட்டால் தண்ணீர் கெட்டுவிடும். ஒன்று போதாது, இரண்டு வேண்டும்: ஒன்று குளிரும் நேரத்தில் இன்னொன்றிலிருந்து குடிப்பார்கள். புதுப் பானையில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் ஊற்றி வைத்துக் கொட்டிவிடுங்கள், மண்வாடை குறையும். கீழே தட்டில் ஆற்று மணல் பரப்பி நனைத்து வையுங்கள். வெட்டிவேரைப் போட்டு மறந்துவிடாதீர்கள், வாரம் ஒரு முறை எடுத்துக் காயவைக்காவிட்டால் நாறும். தம்ளரைச் சங்கிலியில் கட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே போய்விடும். பிளாஸ்டிக் தம்ளர் கண்ணில் பட்டால் நானே வந்து சண்டை போடுவேன்.